மூன்று பேருக்கு ஒரு ஏசி

"ரூம்ல எத்தனை பேர் தூங்குவீங்க?" என்று கேட்டார் ஏசிக் கடைக்காரர்.

"ரெண்டு," என்றார் தையல்காரியின் கணவர். "மூணு," என்றாள் தையல்காரி.

எப்போதாவது வரும் புழுக்கமான ராத்திரிக்குச் சின்னதே தாராளம் என்பது கணவரின் கட்சி. அவளோ ஆள் இருக்கும் பக்கமெல்லாம் தானே திரும்பிக் காற்று விடும் பெரியதைத்தான் வாங்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றாள். போன கோடையில் அவளுடைய அக்கா அந்த அறையில்தான் புழுங்கிப் புழுங்கிக் கண்ணை மூடினாள். அக்காவின் கட்டிலை அவள் இன்னும் எடுக்கவிடவில்லை.

"கட்டிலுக்கு வேர்க்குதுன்னு ஏசி வாங்குறவ ஊர்லயே நீ ஒருத்திதான்."

"இருந்துட்டுப் போறேன்," என்று தன் தையல் காசிலேயே வாங்கிவிட்டாள்.

மதியம் சக்கரம் வைத்த அந்த ஏசியை அறைக்குள் உருட்டி வந்து, குழாயை ஜன்னலில் பொருத்தி, பொத்தானைத் தட்டினார்கள். ஏசியின் வாய் முதலில் கணவர் பக்கம் திரும்பிக் கொஞ்சம் நின்றது. அடுத்து அவள் பக்கம். அடுத்து, காலிக் கட்டிலின் பக்கம் திரும்பி அதேபோல் நின்றது.

கணவர் குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார்.

சாயங்காலம் பார்த்தால், கட்டிலின் கால்மாட்டில் மடித்திருந்த போர்வை தலையணைவரை இழுத்துவிடப்பட்டிருந்தது.

"அக்காவுக்குக் குளிருது. ரெண்டு டிகிரி ஏத்துங்க," என்றாள் தையல்காரி, மகாராணி மாதிரி.

கணவர் மறுபேச்சில்லாமல் ஏற்றினார்.