எழுந்து நிற்கும் புத்தகம்

“சார், இந்தப் பாப்பா உங்களுக்கு என்ன வேணும்?”

கடைக்காரம்மா சும்மா கேட்பது போலத்தான் கேட்டாள். ஆனால் கண் மட்டும் அந்த ஆளை உச்சி முதல் பாதம் வரை அளந்துகொண்டிருந்தது.

“என் பொண்ணுதாங்க,” என்றான் அவன்.

பொண்ணாம். அவன் தூக்கி வைத்திருந்த லட்சணத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. யாருடைய பார்சலையோ கொண்டுவந்து கொடுக்கிறவன் மாதிரி, இரண்டு கையாலும் எட்டப் பிடித்திருந்தான். குழந்தையின் செருப்பு வேறு கால் மாறிக் கிடந்தது. மூன்று வயதுதான் இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்துபோய், அம்மாகிட்ட போகணும் என்று உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளியது.

வாசலில் வாட்ச்மேன் இருக்கிறாரா என்று கடைக்காரம்மா ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று காலையில்தான் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. உண்மையா பொய்யா என்றெல்லாம் பார்க்காமல், சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் அதை ஃபார்வர்ட் செய்துவிட்டுத்தான் கடையையே திறந்திருந்தாள்.

அவன் கேட்டது பாப்-அப் பாட்டுப் புத்தகம். பக்கத்தைத் திறந்தால் தவளையும் யானையும் மடிப்பிலிருந்து எழுந்து நிற்குமே, அந்த ரகம். இரண்டு மூன்றை எடுத்துப் போட்டுவிட்டு, பாப்பாவுக்குக் காகிதம் கிழிக்கிற பழக்கம் உண்டா என்று கேட்டாள். இந்த வகைப் புத்தகத்தை விற்கிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். பெற்றவர்களுக்கு யோசிக்காமல் பதில் வரும். ஐயோ அதை ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

அவன் திருதிருவென்று விழித்தான். “தெரியலையேங்க.”

பெற்ற அப்பனுக்கு இதுகூடவா தெரியாது? குழந்தையின் அம்மா எங்கே என்று விசாரித்தாள். பக்கத்துப் பல் டாக்டரிடம் பல் பிடுங்கப் போயிருக்கிறாள் என்றான். போன் போடச் சொன்னாள். போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பல்லைப் பிடுங்கும்போது எப்படிங்க எடுப்பாள் என்று அவன் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. திருடனும் அதைத்தான் சொல்வான் என்று அவளுக்குத் தோன்றியது.

சட்டென்று கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பாதி அழுகை அங்கேயே நின்றுவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“கண்ணு, இவரு யாருடா?”

“தெரியாது.”

“உங்க அப்பா எங்க இருக்காரு?”

“வீட்டுல இருக்காரு. நான் சாப்பிடறதைப் பார்ப்பாரு.”

 பிள்ளை சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்கிற ஒரு மனுஷன் அங்கே வீட்டில் இருக்கிறான். விஷயம் தெரிந்தால் என்ன ஆவானோ, பாவம். வாசலில் நின்ற வாட்ச்மேனுக்குக் கண்ணைக் காட்டினாள். அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கைத்தடியோடு குறுக்கே வந்து நின்றார்.

“அம்மா, நீங்க தப்பா நினைச்சிட்டீங்க. நான் என்ன சொல்ல வர்றேன்னா...”

“ஒரு கதையும் வேண்டாம். போலீஸ் வரட்டும், அவங்ககிட்ட சொல்லுங்க.”

திமிறுவான், ஓடப் பார்ப்பான் என்று வாட்ச்மேன் தடியை இறுக்கிப் பிடித்தார். அவன் அசையவே இல்லை. தெரியாது என்று சொன்ன அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. என்னமாய் நடிக்கிறான் பாவி என்று கடைக்காரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போலீஸ் எண்ணை அழுத்திவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டாள். குழந்தை மறுபடி சிணுங்கவே, கைக்கு வந்த புத்தகத்தை மேசையில் அதன் முன்னால் விரித்து வைத்தாள். வீட்டுப் பாட்டுப் பக்கம் அது. அட்டைச் சுவர் ஒன்று விறைப்பாக எழுந்து நின்றது. அதன் நடுவில், அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி வெட்டிவிட்ட ஜன்னல்.

“தங்கம், ஒரு தடவை என்னைப் பாரும்மா,” என்று அவன் மேசைக்கு எதிரே முட்டி போட்டுக் குனிந்தான். ஜன்னலுக்குள் அவன் முகம் மட்டும் தெரிந்தது.

சிணுங்கல் நின்றது. குழந்தை ஜன்னலை உற்றுப் பார்த்தது. சுட்டுவிரலை மெதுவாக உள்ளே விட்டு அவன் மூக்கைத் தொட்டது. தொட்ட விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, ஆச்சரியம் தாங்காமல் கேட்டது.

“அப்பா, போனுக்குள்ளேயிருந்து எப்ப வெளிய வந்தீங்க?”