இளைத்துவிட்டாள் டார்லா

“ஏண்டி, வாயைக் கட்ட முடியலேன்னு வயித்தையே வெட்டிக்கிட்டியா?”

ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச் கூடத்தில் எல்லோரும் தட்டும் கையுமாக நிற்கிறோம். அத்தனை பேர் நடுவில்தான் பெவர்லி இப்படிக் கத்தினாள். குளிர்காலம் பூரா ஃப்ளோரிடாவில் வெயில் காய்ந்துவிட்டு, முந்தின நாள்தான் மிஷிகனுக்குத் திரும்பியிருந்தாள்.

கத்தியது அவள் தங்கை டார்லாவைப் பார்த்து. முந்நூற்றுப் பத்து பவுண்டு இருந்தவள் இப்போது இருநூற்று இருபது. இரைப்பையில் முக்கால்வாசியை டாக்டர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

“ஜெபம் பண்ணி, நடந்து, நாலு பேரு மாதிரி குறைச்சிருக்கலாமேம்மா,” என்றாள் பாஸ்டர் மனைவி, இரண்டாம் தடவையாகக் கேக்கைத் தட்டில் வைத்துக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கிட்னியும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கிறாள் டார்லா. காரில் கொண்டுபோய் விடுகிறவள் நான். முந்நூறு பவுண்டு உடம்புக்கு மாற்றுக் கிட்னி வைக்க முடியாது, முதலில் இளைக்கணும் என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அவள் பட்டினி கிடந்ததெல்லாம் இவர்களுக்கு என்ன தெரியும்?

பெவர்லியை மட்டும் திட்ட எனக்கு மனசு வரவில்லை. “எடையைக் குறை டார்லா, அன்னிக்கே என் கிட்னியை எடுத்துக்கோ” என்று மூன்று வருஷமாக இதே கூடத்தில் சொல்லி வருகிறவள். அதையே பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தவள். அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? ஆபரேஷன் மேஜையிலேயே போய்ச் சேர்ந்திருந்தா?”

பெவர்லி மறுபடியும் கத்தினாள். பாசம்தான் பாவம், அதான் இந்தக் கோபம் என்று நினைத்தேன்.

“கேட்டா நீ வேணாம்பே. அதான் சொல்லலைக்கா.”

டார்லா கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

“எடை போதும்னுட்டாங்க. கிட்னி வைக்கிறாங்களாம். இந்த நம்பருக்கு நீ பேசணும்க்கா. குடுக்கறவங்களேதான் கூப்பிடணுமாம்.”

பெவர்லி சீட்டை வாங்கவில்லை.

“வரிசைல நின்னா இன்னும் அஞ்சு வருஷம் ஆகுமாம். எனக்கு அவ்வளவு நாள் இல்லைக்கா.”

“அதுக்கு? உடனே நான் போய்ப் படுத்துடணுமா?”

“நீதானேக்கா சொன்னே...”

“சொன்னேன்டி! நீ எங்கே இளைக்கப்போறேங்கிற தைரியத்துலதான் சொன்னேன்!”