ஒன்பதாம் நிமிடம்

வீட்டு ஸ்பீக்கரோடு இணைத்து இணையத்திலிருந்து பாட்டுக் கேட்க ஒரு ஸ்ட்ரீமர் பெட்டி வாங்க வந்திருந்தாள் பத்மாசனி. நன்றாகப் பழகின இசையைப் போட்டுக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர் ஜெரால்டு. அவள் ஒரு புல்லாங்குழல் கச்சேரியைச் சொன்னாள். அதில் ஒன்பதாம் நிமிடத்தில் முன்வரிசையில் ஒருவர் இருமுவார். அது அவள் கணவர். இறந்து நான்கு வருடமாகிறது. அந்த இருமலுக்காகவே தினமும் போனில் அதைக் கேட்பாள்.

முதல் பெட்டியில் இருமல் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. இரண்டாவதில் யாரோ கதவைத் திறந்துவிட்டது போலிருந்தது. அவர் சட்டை உரசுவதுகூடக் கேட்டது. மூன்றாவதில் குழலோசை மூடுபனி மாதிரி விலக, அரங்கமே வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. மேலே மின்விசிறிகள் சுழன்றன. அவர் இருமினார். பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம். பக்கத்திலேயே ஒரு பெண்குரல், மிக மெல்ல: "சொன்னாக் கேக்கறியா... இந்தா, குடி."

தனியாகப் போய்வந்தேன் என்று அவர் சொன்ன கச்சேரி அது.

"எவ்வளவு தெளிவு பாத்தீங்களா மேடம்" என்றார் ஜெரால்டு.

பத்மாசனி மூடிய கண்ணைத் திறக்காமலே இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

"முதல்ல போட்டீங்களே, அதையே குடுங்க" என்றாள். "எனக்கு இருமல் கேட்டாப் போதும்."