யாரும் திறக்காத குழு

"யாருமே திறக்கிறதில்லையே, ஏன்?" என்று பிரிஜெட் மறுபடியும் கேட்டாள்.

பள்ளிக்கூடத்துக் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். செம்மண்ணில் ஒரு நாய் புரண்டுகொண்டிருந்தது.

சுட்ட சாசேஜை ரொட்டியில் மடித்து ஆளுக்கொன்று தின்றாகிவிட்டது. இனிமேல் பதில் சொல்லியாக வேண்டும்.

பிரிஜெட் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். பாலைவனத்துப் பள்ளிக்கூடங்களில் பெற்றோருக்குச் செல்போனில் சேதி எப்படிப் போகிறது, அதை முன்னால் நின்று நடத்துவது யார் என்பது அவளுடைய ஆராய்ச்சி. கெட்டவள் இல்லை. வந்ததிலிருந்து ஈயைக்கூட மெதுவாகத்தான் விரட்டிக்கொண்டிருந்தாள்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு குழு உண்டு. ஊரில் எல்லாருடைய போனிலும் இருக்கிறது. புதுத் தலைமை ஆசிரியர் போடுகிற சேதி எல்லாம் அதில் போட்டது போட்டபடி கிடக்கிறது. போன குளிர்காலத்திலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று அறிக்கை போனால், காலையில் பஸ்ஸோடு வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற வேலையையே எடுத்துவிடுவார்கள். காலியாகக் கிடக்கிற அந்த வேலையைத்தான் டெஸ்மண்டின் மகள் மாக்சீன் கேட்டு எழுதிப் போட்டிருந்தாள்.

அது இல்லையென்றால் அவளும் ஊரை விட்டுப் போய்விடுவாள். நேற்றே சொல்லிவிட்டாள்.

டெஸ்மண்ட் ரோடு போடுகிறவன். வாரம் முழுக்க மண் தள்ளுகிற வண்டிக்குப் பின்னால் கல் பொறுக்கிக்கொண்டே, இன்றைக்கு இங்கே சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை.

"என்ன மச்சான், ரோட்டுல அந்தக் கத்து கத்துவே. இங்க புதுமாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கே?" என்றான் பின்னாலிருந்து மைத்துனன் ராஸ்.

நாலு பேர் சிரித்தார்கள். டெஸ்மண்டும் சிரித்தான். வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

பிரிஜெட் பள்ளிக்கூடத்துப் போனைக் கையில் எடுத்தாள்.

"முன்னாடி நல்லா ஓடியிருக்கே இது. தினம் காலைல பேசிப் போட்டிருக்காங்க, நீங்க எல்லாரும் கேட்டிருக்கீங்க. இருங்க, ஒண்ணு போடறேன். ஞாபகம் வரும்."

தடுக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. போனிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"ஏய், எழுந்திருங்க எல்லாரும்! பஸ் கெளம்பியாச்சு. ராஸு, உன் பசங்க மூஞ்சி கழுவலேன்னா பரவால்ல, அப்படியே அனுப்பு, உன் மூஞ்சியையே நாங்க பாக்கலியா? ஐயோ, என் வீட்டுல ஒரு ஆளு இன்னும் எழுந்திரிக்கல. கேக்குறீங்களா? கேளுங்க."

போனை எங்கோ கொண்டுபோகிற சரசரப்பு. பிறகு ஒரு குறட்டை. நீளமாக, இழுத்து, ரோட்டில் மாடாக உழைத்தவனுடைய குறட்டை.

பிறகு போனுக்குள் அவள் சிரித்தாள்.

முதலில் எழுந்தது ராஸ். தொப்பியை முகத்துக்கு இறக்கிக்கொண்டு நடந்தான். அவன் பின்னால் மற்றவர்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் அதன் காதைப் பொத்திக்கொண்டு போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் போய், எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மாக்சீன் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை மேலே ஏற்றினாள்.

இந்த ஊர்ப் பழங்குடிகள் செத்துப்போனவர்களின் பேரைச் சொல்வதில்லை. படத்தைப் பார்ப்பதில்லை. குரலைக் கேட்பதில்லை. துக்கத்துக்கு உரிய சொந்தக்காரர்கள், இனிப் போதும் என்று சொல்கிற வரைக்கும்.

போன குளிர்காலத்தில் பெண்டாட்டியின் அடக்கம் முடிந்த கையோடு ஊருக்குச் சொல்லி அனுப்பியதே டெஸ்மண்ட்தான். அந்தக் குழுவை யாரும் திறக்காதீங்க, அவ அதுக்குள்ள இருக்கா.

அவ்வளவுதான் சொன்னான். பிள்ளைகள் பஸ்ஸை விட்டுவிட்டுத் தெருவில் திரிந்தபோதும், தலைமை ஆசிரியர் வீட்டு வாசலில் வந்து கத்தியபோதும், அவனுக்காக ஊர் அதைத் திறக்காமல் வைத்திருந்தது.

வேற குழு தொடங்குங்க, எல்லாரும் வர்றோம். இன்றைக்கு அவன் சொல்ல வந்தது இதுதான்.

பிரிஜெட் காலியான பெஞ்சுகளைப் பார்த்தாள். தன் டேப்லெட்டில் ஏதோ தட்டி எழுதினாள். முகம் வாடிப்போயிருந்தது.

"அவ்வளவு அழகாப் பேசியிருக்காங்க. அதைக் கேக்கக்கூட யாருக்கும் இஷ்டமில்ல, பாருங்களேன்." ஒலிப்பதிவுக் கருவியை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீங்க ஒருத்தராவது அக்கறையா உக்காந்திருக்கீங்க. சொல்லுங்க டெஸ்மண்ட், உங்களுக்கு என்ன தோணுது?"

கருவியில் சின்னதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. சொன்னால் பதிவாகிவிடும். வண்டிக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"அந்தக் குறட்டை முடிஞ்சதும் ஒரு சிரிப்பு வருதே," என்றான். "அங்கேருந்து இன்னொரு தடவை போடும்மா."