முட்டி வலி

“மெதுவா நடக்கிற ஆளுதான் முன்னால போகணும். அந்த ஆளைத் தாண்டி ஒருத்தரும் போகக் கூடாது. பட்டாளத்துல இதான் சட்டம். யாரு மெதுவா நடப்பீங்க, இப்பமே சொல்லிருங்க.”

அய்யனார் கோவில் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சுபேதார் சுந்தரபாண்டியன் அறிவித்துவிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் மிடுக்கு குறையாத மனுஷர். ராஜபாளையத்தில் விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிற கூட்டத்தைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். ‘தினமும் நடங்கள்’ என்று டாக்டர்கள் சொல்லத் தொடங்கியிருந்த தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. சர்க்கரைக்காரர்களும் தொந்திக்காரர்களுமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது.

போன வருஷமும் மலைமேல் இருக்கிற இதே அருவிக்குப் புறப்பட்டார்கள். பாதி வழியில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட, அருவியைப் பார்க்காமலே திரும்பினார்கள். அந்தத் தலைகுனிவு சுபேதாருக்கு இன்னும் ஆறவில்லை. இந்தத் தடவை ஒருத்தர் குறையாமல் பன்னிரண்டு மணிக்குள் அருவியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது, நாலு மணி பஸ்ஸைப் பிடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்.

தான் மெதுவாக நடப்பவன் என்று எந்த ஆம்பளை ஒப்புக்கொள்வான்? பாத்திரக்கடை ஜமால் முகமது கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அருவியில் முதலில் தலையைக் கொடுக்கப் போவது தான்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்துக் கொண்டிருந்தார்.

அவர் மனைவி ரஹ்மத் பீவி முன்னால் வந்தாள். இவர்களோடு அவள் வருவது இதுதான் முதல் தடவை.

“நாந்தாண்ணே மெதுவா நடப்பேன். எனக்கு முட்டி வலி.”

ஜமாலுக்கு முகம் சுண்டிப் போயிற்று. வராதே என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கவில்லை என்று எல்லோரிடமும் பொதுவாக அலுத்துக்கொண்டார்.

ரஹ்மத் பீவி முன்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் ஜமால், அடுத்து சுபேதார், பிறகு மற்றவர்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு பாறை அவளுக்கு வாகாகக் கிடைத்தது. உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்வாள். வரிசை மொத்தமும் நின்றுவிடும். ஜமாலும் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தபடி அவளைத் திட்டித் தீர்ப்பார். அவள் தண்ணீர்ப் பாட்டிலை அவரிடம் நீட்டுவாள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

முதல் பாறையில் வலது முட்டியைப் பிடித்தவள், இரண்டாவது பாறையில் இடது முட்டியைப் பிடித்தாள். மூன்றாவதில் மறுபடி வலது. இந்த வலிக்கு நிலையான ஊர் கிடையாது போலிருக்கிறதே என்று சுபேதார் மனசுக்குள் கறுவினார். கைக்கடிகாரம் பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. இந்த அம்மாளால் இந்த வருஷமும் மானம் போகப் போகிறது என்று அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

நாலாவது பாறையில் சுபேதாருக்குப் பொறுமை போய்விட்டது. அவள் இங்கேயே நிழலில் இருக்கட்டும், திரும்பும்போது கூட்டிக்கொள்கிறோம் என்றார்.

“இல்லண்ணே. தவழ்ந்தாவது வாரேன். ஆனா நாந்தான் முன்னால போவேன்.”

“ஏட்டி, ஒன்னால என் மானம் போகுது. தள்ளு, நான் முன்னால போறேன்,” என்று ஜமால் எழுந்தார்.

ரஹ்மத் பீவி பாதையின் குறுக்கே கையை நீட்டினாள். “அண்ணன் போட்ட சட்டம். யாரும் தாண்டக் கூடாது.”

தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட சுபேதார், பல்லைக் கடித்தபடி அவள் பின்னாலேயே நடந்தார்.

அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. ஆனாலும் ஒருத்தர் குறையவில்லை. ஜமால் உட்பட எல்லோரும் குழந்தைகளைப் போலத் தண்ணீரில் இறங்கினார்கள். ரஹ்மத் பீவி சுருக்குப்பையைப் பாறைமேல் வைத்துவிட்டு முகம் கழுவக் குனிந்தாள். எங்கிருந்தோ வந்த குரங்கு ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறியது.

அடுத்து நடந்ததைச் சுபேதாரால் நம்ப முடியவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அவள் பாறைக்குப் பாறை தாவி ஓடினாள். பட்டாளத்துக் கால்களால்கூட அவளைப் பிடிக்க முடியவில்லை. அவள் எறிந்த கல்லுக்குப் பயந்து குரங்கு பையைப் போட்டுவிட்டு ஓடியது. சுபேதார் இரைக்க இரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, அவள் பையிலிருந்து சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து, மாத்திரைகள் சிந்தவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முட்டி வலின்னு சொன்னியே தங்கச்சி?”

அவள் கீழே அருவியைப் பார்த்தாள். ஜமால் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார்.

“முட்டிக்கு ஒண்ணுமில்லண்ணே. போன மாசம் அவியளுக்கு வந்தது நெஞ்சு வலி. வாய்வுன்னு சொல்லி வச்சிருக்கேன். டாக்டர் நடக்கலாம், ஆனா மூச்சு வாங்க ஏறக் கூடாதுன்னாரு. வராதீகன்னேன், கேக்கல. அவிய அண்ணன் தனக்கு நெஞ்சுல கோளாறுன்னு கேட்ட அன்னைக்குப் படுத்தவுக, எந்திரிக்கவே இல்ல. அந்தப் பயத்துலதான் இவியகிட்டச் சொல்லல.”

சுபேதார் அருவிப் பக்கம் இறங்கினார்.

திரும்பும் நேரம் வந்தது. வழியில் இரண்டு ஏற்றம் இருந்தாலும் ஓட்டமாகப் போனால்தான் நாலு மணி பஸ் கிடைக்கும், இனிமேல் தான்தான் முன்னால் என்று ஜமால் தலையைத் துவட்டிக்கொண்டே கிளம்பினார்.

சுபேதார் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் போனார்.

“நாலு மணி பஸ் போனா ஆறு மணி பஸ். ஒருத்தரும் என்னையத் தாண்டக் கூடாது. எனக்கு முட்டி வலி,” என்றவர், பத்தடி நடந்ததும் கண்ணில் பட்ட முதல் பாறையில் உட்கார்ந்து, வலது முட்டியையும் இடது முட்டியையும் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டுக்கொண்டார்.