பாடாத குருவி

"இந்தக் கூடும் வேண்டாம்" என்று பெண் தூக்கணாங்குருவி கிளைக்குப் போய்விட்டது. ஆண் குருவிக்கு ஆத்திரமாக வந்தது. மழை தொடங்கிவிட்டது. இவளும் போய்விட்டால் இந்த வருஷம் குஞ்சு கிடையாது.

"பின்னல்ல ஒரு குறையும் இல்லடா," என்றது சித்தப்பா குருவி. "நாங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான் பின்னியிருக்கே. இன்னும் சத்தமா பாடு. ஏன் வேண்டாம்னு மட்டும் அவகிட்ட கேட்காதே. அதெல்லாம் நம்ம வேலை இல்ல."

ஆண் குருவி பாட வாயைத் திறந்தது. அலுத்துப்போய் மூடிக்கொண்டது. நேராகப் பெண்ணிடம் போய், "உனக்கு என்னதான் பயம்? சொல்லித் தொலையேன்," என்றது.

பெண் குருவி கீழே இருந்த கிணற்றைப் பார்த்தது. "போன வருஷம் காத்துல கூடு ஆடி முட்டையெல்லாம் இதுக்குள்ள விழுந்துச்சு. எந்தக் கூட்டுல உட்கார்ந்தாலும் அந்தச் சத்தம்தான் கேக்குது. அந்தக் கூட்டைக் கட்டினவனும் நல்லாத்தான் பாடினான்."

ஆண் குருவி ஈரக் களிமண் கொண்டுவந்து கூட்டுக்குள் ஒட்டியது.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்."

கனம் ஏறியதும் கூட்டின் ஆட்டம் குறைந்தது. பெண் குருவி உள்ளே போய் உட்கார்ந்தது, வெளியே வரவில்லை. ஆண் குருவிக்கு அப்பாடா என்று இருந்தது.

"பார்த்தியா, நான் சொன்னது பலிச்சுது!" என்றது சித்தப்பா. "என்ன பாட்டுடா பாடினே?"

"பாடவே இல்ல, சித்தப்பா."