கேப்டன்கள் வரிசை

வில்யார்சேக்கோ ஊரின் கால்பந்து கிளப்புக்கு இன்று நூற்றாண்டு விழா. மதிய வெயிலில் மைதானத்துப் புல் காய்ந்து மஞ்சளாய்க் கிடக்கிறது. உயிரோடிருக்கும் பழைய கேப்டன்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் படம் எடுக்க நிற்கிறார்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோர் கழுத்திலும் பச்சைத் துண்டு. எவுலாலியா நேராக நடந்து வந்து, அந்த வரிசையில் தன் கணவர் ஃபெர்மினுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறாள். புகைப்படக்காரன் கேமராவை இறக்குகிறான். கிளப் தலைவர் மைக்கை அணைக்காமலே ஓடி வருகிறார். "அம்மா, இது கேப்டன்கள் படம். குடும்பப் படம் அப்புறம் எடுப்போம்." "நானும் கேப்டன்தான். ஆம்பளைங்க டீம் கலைஞ்சு கெடந்த ரெண்டு வருஷம் இந்த மைதானத்துல யாரு ஆடினா? நாங்க பொம்பளைங்கதான." "அது சும்மா வேடிக்கைக்கு ஆடினதும்மா. கிளப் வரலாத்துல அதெல்லாம் வராது." மைக் அதை ஊருக்கே சொல்கிறது. பார்வையாளர் படிக்கட்டில் சிலர் சிரிக்கிறார்கள். பெனால்டி ஒன்றைத் தடுத்தபோது ஒடிந்து கோணலாகச் சேர்ந்த தன் சுண்டுவிரலை எவுலாலியா நீவுகிறாள். அவள் தலைவரைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்க்கிறாள். "அப்ப நாங்க ஆடறப்ப கோட்டோரமா நின்னு தொண்டை கிழியக் கத்துவியே, இப்ப வாயத் திற." ஃபெர்மின் தன் ஷூ நுனியைப் பார்க்கிறார். "வீட்டுல போய்ப் பேசிக்கலாம், லாலி." "அம்பது வருஷமா வீட்டுலதான பேசறோம். இங்க பேசு." பச்சைத் துண்டின் நுனியை அவர் விரலில் சுற்றுகிறார், அவிழ்க்கிறார். அவள் முழங்கையால் அவர் விலாவில் ஓங்கி இடிக்கிறாள். அவர் அரையடி நகர்கிறார். "பத்தாது," என்கிறாள், கேமராவை நேராகப் பார்த்தபடி. "இன்னும் தள்ளி நில்லு."